மண் பதம் பார்க்கக் கற்றுக்கொள்வது: கிரிக்கெட் பிட்ச் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ரோலர் எப்போ ஓட்டக் கொடுப்பீங்க?" நானும் அப்படிக் கேட்டவன்தான். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் பதில் சொல்லவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்து பிட்ச்சில் வைத்து அழுத்தினார்.

"என்ன தெரியுது?"

"ஈரமா இருக்கு மாமா."

"எவ்வளவு ஈரம்?"

முழித்தேன்.

"இது தெரியிற வரைக்கும் ரோலர் பக்கம் வராத. உருட்டுறதுக்கு யாரு வேணா வருவான். எப்போ உருட்டணும்னு சொல்றவனுக்குத்தான் சம்பளம்."

அதற்கப்புறம் கல்லூரி மைதானம், லீக் மைதானம் என்று சென்னையைச் சுற்றியே 30 வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்துவிட்டேன். கட்டைவிரல் நகத்தடியில் இருக்கும் மண் இன்னும் முழுசாகப் போகவில்லை. "இனிமே கிரவுண்டை நீயே பார்த்துக்கோ" என்று திடீரென்று பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய ஸ்டேடியத்து இயந்திரங்கள் உங்களிடம் இருக்காது என்பது தெரியும். ஒரு கை ரோலர், வாடகைக்காவது ஒரு கனமான ரோலர், புல்வெட்டும் இயந்திரம், தண்ணீர்க் குழாய், தார்ப்பாய், விளக்குமாறு, மண்வெட்டி, திமிசுக்கட்டை, ரசமட்டம், டேப், நூல் கயிறு. இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது

ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கெஜம், அதாவது 66 அடி. அகலம் 10 அடி. விதிப்படி பிட்ச் அவ்வளவுதான். ஆனால் களிமண்ணை அந்த 66 அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பவுலர் கால் ஊன்றுகிற இடமும் ஓடி வருகிற கடைசி இரண்டு எட்டும் ஸ்டம்புக்குப் பின்னால் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஆறேழு அடி சேர்த்துப் போட்டால் பின்னால் தலைவலி குறையும்.

நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்கட்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் சாயங்கால வெயில் நேராக பேட்ஸ்மேன் கண்ணில் அடிக்கும். சின்ன மைதானத்துக்கு மட்டும் வருகிற சங்கடம் இல்லை இது. 2019 ஜனவரியில் நியூசிலாந்தின் நேப்பியரில் இந்தியா ஆடிய ஒருநாள் போட்டியையே, மறைகிற சூரியன் கண்ணைக் கூசுகிறது என்று அரை மணி நேரம் போல நிறுத்தி வைத்தார்கள். மழைக்கு நின்ற ஆட்டம் ஆயிரம் இருக்கும், வெயிலுக்கு நின்றது அபூர்வம்.

தண்ணீர் வடிய லேசான வாட்டம் வேண்டும், பிட்ச் நெடுக மட்டம் வேண்டும். லண்டன் லார்ட்ஸ் மைதானம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுமார் 2.5 மீட்டர் சரிவு. அது லார்ட்ஸ், அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நம் கிரவுண்டில் அப்படி இருந்தால், "ரசமட்டம் பார்க்கத் தெரியாதவன் போட்டது" என்பார்கள்.

மண்ணைத் தேடுவது

பிட்ச்சுக்கு வேண்டியது களி. கையில் பிசைந்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், காய்ந்தால் கல்லாக வேண்டும். நம் ஊர்ப் பிட்ச்சுகளுக்குப் பாதிக்குப் பாதியாவது களி இருக்கிற மண்ணாகப் பார்ப்பது வழக்கம். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வசதி இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இரண்டு வீட்டுச் சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது பாட்டில் சோதனை. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிஷத்தில் அடியில் இறங்குவது மணல். சில மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாளுக்கும் மேல் கலங்கலாக நின்று மெதுவாகப் படிவதுதான் களி. மூன்று அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்தால் உத்தேசக் கணக்கு கிடைத்துவிடும்.

இரண்டாவது உருண்டைச் சோதனை. சலித்த மண்ணைப் பிசைந்து பெரிய எலுமிச்சை அளவு பத்து உருண்டை பிடித்து, நிழலில் நான்கைந்து நாள் காய விடுங்கள். அப்புறம் குதிகாலால் மிதியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த மண் வேண்டாம். உங்கள் முழு எடையையும் போட்ட பிறகே நான்கைந்து துண்டாக உடைந்தால் லாரிக்குச் சொல்லிவிடலாம்.

செம்மண்ணா கரிசலா என்று எல்லோரும் கேட்பார்கள். செம்மண்ணில் பந்து நன்றாக எழும்பும், வேகமும் கிடைக்கும். நாள் போகப் போக மேல்மண் உதிர்ந்து சுழலுக்கு வழிவிடும். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பிடிப்பு ஜாஸ்தி, எழுச்சி குறைவு, பந்து கொஞ்சம் நின்று வரும். சேப்பாக்கத்திலேயே இரண்டு வகைப் பிட்ச்சும் உண்டு. 2024 செப்டம்பரில் வங்கதேசத்தோடு நடந்த டெஸ்ட் செம்மண் பிட்ச்சில் ஆடியது. முதல் நாள் காலை வேகப்பந்துக்குத்தான் கை கொடுத்தது. கடைசியில் அஸ்வின் ஒரு சதமும் போட்டு ஆறு விக்கெட்டும் எடுத்தார். சேப்பாக்கம் என்றால் மந்தமான சுழல் பிட்ச் என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் காலை நல்ல பாடம். மைதானம் மாறவில்லை, அடியில் இருந்த மண்தான் வேறு.

எது கிடைத்தாலும் ஒரே இடத்து மண்ணாக, ஒரே தடவையில், அடுத்த ஐந்து வருஷ ஒட்டுவேலைக்கும் சேர்த்து வாங்கி மூடி வையுங்கள். ஏரி மண் என்றால் முறையாக அனுமதி வாங்கி எடுங்கள். அப்புறம் கட்டாயம் சலியுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் சலிக்காமல் போட்டேன். மூன்றாவது ஆட்டத்தில் நடுவர் பந்தைக் கொண்டுவந்து காட்டினார். தோலில் பிளேடால் கீறியது போல நான்கு கோடு. பிட்ச்சில் மண்டியிட்டுப் பார்த்தால், நகம் அளவுக்கு வெள்ளையாக மினுங்குகிறது: நத்தை ஓடு. ஏரிக்கரை மண் முழுக்க நத்தை ஓடு. குறடு வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கால் அங்குலச் சல்லடையில் ஒருநாள் சலித்திருந்தால் முடிந்திருக்கும்.

அடுக்கு அடுக்காக

ஒன்றரை அடி தோண்டுங்கள். அடியில் ஜல்லி, அதன் மேல் மணல், மேலே எட்டிலிருந்து பத்து அங்குலம் களி. களியை ஒரே மூச்சில் கொட்டி உருட்டினால் மேல் இரண்டு அங்குலம்தான் இறுகும், அடியில் பஞ்சாகவே இருக்கும். ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் பரப்பி, ரசமட்டப் பலகை வைத்து இழுத்து, தண்ணீர் தெளித்து, பதம் வந்ததும் உருட்டி, அப்புறம் அடுத்த அடுக்கு.

புதியவர்கள் தவறுகிற இடம் இதுதான். ஒரு அடுக்கு வழவழவென்று இறுகியதும் அதன் மேலேயே அடுத்ததைக் கொட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆறு மாதம் கழித்து இரண்டு அடுக்கும் பிரிந்துகொள்ளும், தோசைக்கல்லில் தோசை ஓரம் தூக்குகிற மாதிரி. ஸ்டம்ப் குச்சியால் தட்டிப் பார்த்தால் நல்ல பிட்ச் 'ணங்' என்று சொல்லும், பிரிந்த பிட்ச் 'பொத்' என்று சொல்லும். அந்த இடத்தில் விழுகிற பந்து ஒன்று முழங்காலுக்கு வரும், அடுத்தது மோவாய்க்கு வரும். ஆகவே ஒவ்வொரு அடுக்கையும் உருட்டியதும் இரும்பு வாரியால் கால் அங்குல ஆழத்துக்குக் கீறிவிட்டு, லேசாக ஈரம் காட்டி, பிறகு அடுத்த மண்ணைப் போடுங்கள். சுவர் பூசுகிற கொத்தனார் முதல் பூச்சைக் கொத்திவிடுவாரே, அதே காரணம்தான்.

அருகம்புல்

இங்கிலாந்தில் ரைகிராஸ் என்று ஒரு புல் போடுவார்கள். நமக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பெர்முடா கிராஸ் என்று பெயர் வைத்திருப்பது நம்முடைய அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல். பிட்ச்சுக்கு அதில் இலை மெலிந்த ரகங்களைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள். "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோம் இல்லையா, அந்த வேர்தான் நமக்கு வேண்டும். மேலே தெரிகிற பச்சை இரண்டாம்பட்சம்.

வேருக்கு இரண்டு வேலை. மண்ணைக் கட்டிப் பிடிப்பது ஒன்று. அடி ஈரத்தை உறிஞ்சி மேலே இலை வழியாக வெளியே விடுவது இன்னொன்று. வெயில் மேல் அரை அங்குலத்தைத்தான் காயவைக்கும். மூன்று அங்குலத்துக்குக் கீழே இருக்கிற ஈரத்தை எடுக்கிற பம்புசெட் புல்வேர். புல் செத்த பிட்ச் மேலே மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே கொழகொழவென்று இருக்கும்.

தண்டு தண்டாக நறுக்கி மூன்று அங்குல இடைவெளியில் நட்டால், வெயில் காலத்தில் இரண்டு மாதத்தில் மூடிவிடும். விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் அக்கம்பக்கத்து அம்மாக்கள் பையோடு வந்து நிற்பார்கள். "பவுண்டரி ஓரம் எவ்வளவு வேண்டுமானாலும் பறிச்சுக்கோங்க, நடுவில மட்டும் வேண்டாம்மா" என்று கயிறு கட்டிவிடுவேன். ஒரு பாட்டி ஒவ்வொரு வருஷமும் கயிற்றைத் தாண்டிவிடுவார். பிள்ளையாருக்கு நல்ல புல்லாகத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்னால்

இனிமேல்தான் வேலையே. மற்றதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை செய்வது, இது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் செய்வது.

பத்தாம் நாள்: புல்லை அரை அங்குலத்துக்கு வெட்டி, வாரியால் காய்ந்த சருகை எல்லாம் எடுத்துவிடுங்கள். சருகு இருந்தால் அது மண்ணுக்கும் ரோலருக்கும் நடுவில் மெத்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம்: தண்ணீர். குழாய் முனையில் பூவாளி மாட்டி, மெதுவாக, பத்து தடவை நடந்து நடந்து விடுங்கள். ஒரே தடவையில் கொட்டினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் நான்கு அங்குலமாவது சுலபமாக இறங்க வேண்டும். பிறகு ஈரச்சாக்கு போட்டு மூடி, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

எட்டாம் நாள்: பதம் வரும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் கஷ்டமான நாள். மேலதிகாரி வருவார், "ஏன் சும்மா உட்கார்ந்திருக்கே, உருட்டு" என்பார். ஒரு மைதானத்தில் அப்படிச் சொன்னவரின் பேச்சைத் தட்ட முடியாமல் ஈரத்தில் உருட்டி, ரோலரில் ஒட்டிக்கொண்டு வட்டம் வட்டமாகப் பிட்ச் பெயர்ந்து வந்ததை இன்னும் மறக்கவில்லை. அவர் காரில் ஏறிப் போய்விட்டார், பெயர்ந்ததை ஒட்டியது நான்.

எட்டாம் நாள் மதியமோ ஏழாம் நாளோ பதம் வரும். கட்டைவிரலை அழுத்துங்கள். விரலில் மண் ஒட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது. ரேகை அச்சாக விழுந்து, விரல் சுத்தமாக வந்தால் இதுதான் நேரம். அழுத்தியும் அச்சு விழவில்லை என்றால் தவறவிட்டீர்கள். அதன்மேல் உருட்டுவது வெறும் உடற்பயிற்சி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், பிட்ச்சுக்கு அது செல்லாது. மரநிழல் விழுகிற முனை ஒருமாதிரி, வெயில் முனை ஒருமாதிரி காயும். பத்து இடத்திலாவது அழுத்திப் பாருங்கள். வெயில் முனை முந்திக்கொண்டால் அதை மட்டும் சாக்கால் மூடி, நிழல் முனை வந்து சேரக் காத்திருங்கள்.

பதம் வந்ததும் கை ரோலரில் தொடங்குங்கள். முதலில் குறுக்காக, அப்புறம் மூலைவாட்டில், கடைசியாக நீளவாட்டில். எப்போதும் நீளவாட்டிலேயே உருட்டினால் முன்னால் அலை அலையாக மண் தள்ளிக்கொண்டு போகும். வேகம் வேண்டாம், கோயில் தேர் போகிற நடை போதும். அரை மணி உருட்டு, ஒரு மணி நேரம் விடு, மறுபடி விரலை வை. இப்படி நாள் பூராவும்.

ஆறு, ஐந்தாம் நாள்: கனமான ரோலர், ஒரு டன்னோ அதற்கு மேலோ. களி நன்றாகக் காய்ந்துவிட்டதென்றால் ஐந்தாம் நாள் சாயங்காலம் இன்னொரு தடவை தண்ணீர் காட்டலாம், முதல் தடவையில் பாதி. அடியில் இறுகியது அடியில் இருக்கும், இது மேல் இரண்டு அங்குலத்துக்கு. நான்காம் நாள் மறுபடி பதம், மறுபடி ரோலர்.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் காய்கிற வேகம் மாறும். ஏப்ரல், மே மாதத்தில் காலை எட்டரைக்கு வருகிற பதம் பத்து மணிக்கு இருக்காது. மார்கழியில் அதே பதம் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரும். ரோலர் டிரைவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்பதற்காக மண் காத்திருக்காது.

மூன்றாம் நாள் புல்லை 5, 6 மில்லிமீட்டருக்கு இறக்குங்கள். எவ்வளவு விடுவது என்பது எந்த மாதிரி ஆட்டம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. பயிற்சிப் பிட்ச், பையன்கள் ஆட்டம் என்றால் மொட்டையாகவே இருக்கட்டும், தலைக்கு வரும் பந்து குறையும். இரண்டாம் நாள் உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் சாக்கு போடுங்கள். வேகமாகக் காய்ந்தால்தான் பெரிய வெடிப்பு வரும், நிதானமாகக் காய்ந்தால் தலைமுடி அளவுக் கீறலோடு நிற்கும். ஆட்டத்துக்கு முந்தின நாள் கடைசி வெட்டு, கடைசி உருட்டு. முகம் தெரியாவிட்டாலும் மதிய வெயிலில் ஒரு பளபளப்பு வரும். வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

ஆர்வம் இருந்தால் ஒரு சோதனை: 16 அடி உயரத்திலிருந்து பந்தை வெறுமனே விடுங்கள், எவ்வளவு எழும்புகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 30 அங்குலத்தைத் தாண்டினால் நல்ல வேகமான பிட்ச். 15க்குக் கீழே என்றால் மந்தம். நான் ஏணி வைத்துச் செய்வேன். பார்க்கிறவர்கள் இவனுக்கு என்ன ஆயிற்று என்பார்கள், பரவாயில்லை.

கோடு போடுவது

இதில் ரசனைக்கு இடமில்லை, அளவுதான். நடு ஸ்டம்பிலிருந்து நடு ஸ்டம்புக்கு நூல் கயிறு கட்டுங்கள், 66 அடி. இரண்டு முனையிலும் கயிற்றுக்குச் செங்குத்தாகப் பவுலிங் கிரீஸ், அதாவது ஸ்டம்ப் நிற்கிற கோடு, 8 அடி 8 அங்குலம், நடு ஸ்டம்புக்கு இரு பக்கமும் 4 அடி 4 அங்குலம். மூலை சரியா என்பதற்கு 3 அடி, 4 அடி, 5 அடி முக்கோணம் போட்டுப் பாருங்கள். மூலைமட்டத்தை மட்டும் நம்பினால் 10 அடியில் ஒரு விரல் தள்ளிவிடும்.

ஸ்டம்ப் கோட்டிலிருந்து 4 அடி முன்னால் பாப்பிங் கிரீஸ், பேட்ஸ்மேன் எட்ட வேண்டிய கோடு. கோட்டின் எந்த விளிம்பிலிருந்து அளப்பது என்பதில்தான் குழப்பம் வரும். வெள்ளைக் கோட்டுக்கு அகலம் உண்டு. ஆனால் விதிப்படி கிரீஸ் என்பது கோட்டின் பின் விளிம்பு மட்டும்தான், ஸ்டம்ப் பக்கம் இருக்கிற விளிம்பு. பவுலிங் கிரீஸின் இரு முனையிலும் நீளவாட்டில் போகிற ரிட்டர்ன் கிரீஸுக்கு உள் விளிம்பு. ஆக, கோட்டின் அகலம் முழுவதும் முன்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ போக வேண்டும். ரன் அவுட், நோபால் எல்லாம் அந்த விளிம்பில்தான் தீர்மானமாகிறது. நீங்கள் ஓர் அங்குலம் தப்பாகப் போட்டால் ஒருவன் தப்பாக அவுட் ஆவான்.

ரிட்டர்ன் கிரீஸ் பாப்பிங் கிரீஸிலிருந்து பின்னால் குறைந்தது 8 அடி. ஒருநாள், டி20 ஆட்டம் என்றால் வைடு பார்க்க, ரிட்டர்ன் கிரீஸுக்கு 17 அங்குலம் உள்ளே தள்ளி ஒரு சின்னக் கோடு. சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் எரிக்கும், டைவ் அடிக்கிறவன் தோலையும் எடுத்துவிடும். தண்ணீரில் கலக்கும் வெள்ளை பெயிண்ட் போதும். ஸ்டம்ப் குழியில் முந்தின நாளே அரை டம்ளர் தண்ணீர் விட்டு வையுங்கள். காய்ந்த மண்ணில் ஸ்டம்பை அடித்தால் சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும்.

ஆட்டம் நடக்கும்போது

ஆட்டம் தொடங்குகிறவரை பிட்ச் உங்கள் பொறுப்பு. ஆட்டம் தொடங்கியபின் நடுவர்கள் சொல்வதுதான். ஆட்டத்தின் நடுவே பிட்ச்சுக்குத் தண்ணீர் கிடையாது. உருட்டுவதற்கும் கணக்கு உண்டு: முதல் இன்னிங்ஸ் தவிர மற்ற ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால், அடுத்தடுத்த நாள் ஆட்டத்துக்கு முன்னால், பேட்டிங் அணியின் கேப்டன் கேட்டால் மட்டும் 7 நிமிஷம். எந்த ரோலர் என்பதும் அவர் விருப்பம். நீங்கள் அபிப்பிராயம் சொல்லப் போகாதீர்கள். கேட்டாலும் "மண் இன்னும் காயுது சார்" என்கிற அளவோடு நின்றுகொள்ளுங்கள்.

ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் யாராவது வந்து தோளில் கை போடுவார்கள். "நம்ம பசங்க ஸ்பின்னர்ஸ், கொஞ்சம் பார்த்துக்கோங்க." எதிர் அணிக்காரரும் அதே தோளில் கை போட்டவர்தான். பத்து நாள் வேலை முடிந்தபின் மாற்ற ஒன்றுமில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

பவுலர் கால் ஊன்றிய குழியை இடைவேளையில் விளக்குமாறால் சுத்தம் செய்து, உதிரி மண்ணை எடுத்து, பல நாள் ஆட்டமென்றால் நடுவர் அனுமதியோடு ஈரக் களியைத் திணித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே காய்ந்த தூள் தூவுங்கள். இதற்காக ஒரு பாண்டுச் சட்டியில் ஈரத்துணி மூடிய களி எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ராத்திரி ஆட்டத்தில் பனி இறங்கினால், நீளமான கயிற்றை இரண்டு பேர் பிடித்து அவுட்ஃபீல்டு முழுக்க இழுத்துப் போங்கள். இலை நுனித் தண்ணீர் உதிர்ந்துவிடும்.

மழை

தார்ப்பாயை எடுத்து ஓடத் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. காற்று அடிக்கிற பக்கத்திலிருந்து விரியுங்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து விரித்தால் பாய்மரக் கப்பல் ஆகிவிடும். ஓரத்தில் கல் வைக்காதீர்கள், கிழியும். மணல் மூட்டையோ பழைய டயரோ வையுங்கள்.

மழை விட்டதும் மூடியே வைத்திருப்பதுதான் பெரிய தப்பு. தார்ப்பாயின் அடியில் வேர்க்கும். மூடியைத் திறந்த இட்லிப் பானை மாதிரி சொட்டும். ஒருமுறை ஞாயிறு மழை என்று சனிக்கிழமையே மூடிவிட்டுப் போனோம். மழை வரவே இல்லை. திங்கட்கிழமை தூக்கிப் பார்த்தால் பிட்ச் மழையில் நனைந்ததைவிட ஈரம், புல் வேறு மஞ்சளடித்துப் போயிருந்தது. மழை இல்லாத நேரம் ஓரத்தைத் தூக்கிக் கட்டிக் காற்று போக விடுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை அடித்துப் போட்டது. நான்கு நாளில் இங்கிலாந்தோடு சேப்பாக்கத்தில் டெஸ்ட். மைதானத்துப் பணியாளர்கள் எரிகிற கரியைத் தட்டில் வைத்துப் பிட்ச்சைக் காயவைத்த படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. இஸ்திரி வண்டிக்காரர் வேலைதான், துணிக்குப் பதில் மண். 16ஆம் தேதி ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கியது. கருண் நாயர் 303 அடித்து அவுட் ஆகாமல் நின்றார், இந்தியா 7 விக்கெட்டுக்கு 759. அந்த ஸ்கோர் கார்டில் கரித்தட்டு ஏந்தியவர்கள் பெயர் வராது. நீங்கள் இதைச் செய்ய நேர்ந்தால் தட்டை மண்ணில் வைக்காமல் ஓர் அடி உயரத்தில் பிடித்து நகர்த்திக்கொண்டே இருங்கள். காய்வது மேல்தோல் மட்டும்தான், இரண்டு அங்குலம் கீழே காயாது. அதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆட்டம் முடிந்தபின்

அன்றைக்கே கூட்டுங்கள், அன்றைக்கே தண்ணீர் விடுங்கள். மறுநாள் குழிகளைக் கிளறி, பழைய காய்ந்த விளிம்பை வெட்டி எடுத்து, சேர்த்து வைத்திருக்கும் அதே மண்ணால் நிரப்பி, புல் தண்டு நட்டுவிடுங்கள். வேறு மண் போட்டால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுருங்கிப் பிரியும். அப்புறம் மூன்று வாரமாவது அந்தப் பிட்ச்சைத் தொடக்கூடாது. அதற்காகத்தான் பக்கத்திலேயே நான்கைந்து பிட்ச் போடச் சொல்வது.

வேலையில் சேர்வது

பெரும்பாலும் தினக்கூலியாகத்தான் ஆரம்பிக்கும். கிளப், கல்லூரி, தனியார் அகாடமி என்று எங்கே வேண்டுமானாலும் சேருங்கள், மழைக்காலத்திலும் சம்பளம் உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாநிலச் சங்கத்தின் வழியாகப் போனால் பி.சி.சி.ஐ. க்யூரேட்டர்களுக்கு, அதாவது பிட்ச் பொறுப்பாளர்களுக்கு, நடத்துகிற பயிற்சி, சான்றிதழ்த் தேர்வு எல்லாம் இருக்கிறது. வேளாண்மை படித்தவர்களுக்கு மண் பாடம் சுலபம், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சுலபம். பெண்களுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் பெங்களூருவில் இருக்கும் ஜெசிந்தா கல்யாண் பெயரைச் சொல்லுங்கள். கர்நாடகச் சங்கத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் பிட்ச் க்யூரேட்டர் ஆனவர்.

கைதட்டலை எதிர்பார்த்து வராதீர்கள். எப்போதாவது நடக்கும். 2021 கான்பூர் டெஸ்ட் டிராவில் முடிந்தபோது, நல்ல பிட்ச் போட்டார்கள் என்று ராகுல் டிராவிட் மைதானப் பணியாளர்களுக்குத் தன் கையிலிருந்து 35,000 ரூபாய் கொடுத்தார். 2023 ஆசியக் கோப்பையில் கொழும்புப் பணியாளர்கள் நாளுக்கு எத்தனை தடவை கவர் இழுத்தார்கள் என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். இறுதி ஆட்டத்தில் 6 விக்கெட் எடுத்த சிராஜ், ஆட்ட நாயகன் பணம் 5,000 டாலரை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். எனக்கு 30 வருஷத்தில் கிடைத்தது ஒரு கைக்கடிகாரமும், ஒரு பவுலர் போகிற போக்கில் சொன்ன "நல்லா இருந்துச்சுண்ணே"வும். கடிகாரம் நின்றுவிட்டது.

தொப்பி, முழுக்கைச் சட்டை, கூடவே ஒரு தண்ணீர் பாட்டில். ரோலரைப் பின்னால் நடந்து இழுக்காதீர்கள், இடுப்பு போய்விடும். தள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, தண்ணீர் விட்ட நேரம், பதம் வந்த நேரம், காற்று, எந்த ரோலர், எத்தனை நிமிஷம், ஆட்டத்தில் பந்து எப்படி வந்தது. என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "மார்ச் 9. நேற்று சாயங்காலம் தண்ணீர். காலை 7 மணி, விரலில் ஒட்டுகிறது. 8.40, தெற்கு முனை வந்தது, சாக்கு போட்டேன். 9.30, வடக்கு முனையும் வந்தது. கை ரோலர் 40 நிமிஷம். மதியம் காற்றே இல்லை." இரண்டு வருஷம் எழுதினால், மார்ச் மாதத்தில் உங்கள் கிரவுண்டின் வடக்கு முனை எத்தனை மணிக்குக் காயும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.